டெய்லர் ஒட்டுப்போட்ட கார்

என் வீட்டுக்காரர் டெய்லர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சட்டைக்குக் காலர் மாற்றுவார், பேன்ட்டுக்கு இடுப்பைப் பிடிப்பார், பைக்கு ஜிப் வைப்பார். எங்களுக்கு இத்தனை காலம் சோறு போட்டது அந்த ஊசியும் நூலும்தான். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் எங்கள் பழைய காரின் கதவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. அத்தனையும் துரு. நான் பதறிப்போய், "ஒர்க்‌ஷாப்புல விட்டுடுங்க" என்றேன். அவர் விரலை வெளியே எடுத்து, அதில் ஒட்டியிருந்த துருவை ஊதிவிட்டு, "ஏன்?" என்று கேட்டார்.

இந்த "ஏன்" அவருடைய பிறவிக் குணம். சாப்பிட வாங்க என்றால் ஏன், குடை எடுத்துக்கிட்டுப் போங்க என்றால் ஏன். கல்யாணத்தன்று போட்டோக்காரர் கொஞ்சம் சிரிங்க என்றதற்கே ஏன் என்று கேட்டவர். கெட்ட எண்ணம் கிடையாது. காரணம் தெரியாமல் கையைக் காலை அசைக்க மாட்டார், அவ்வளவுதான். காரணத்தைச் சொல்லிவிட்டாலோ இன்னும் மோசம். அதில் எங்கே ஓட்டை என்று தேடிக் கண்டுபிடித்து அதற்குள்ளும் விரலை விடுவார்.

"துணி கிழிஞ்சா ஒட்டுப் போடுறோம். தகரம் கிழிஞ்சா அதுக்கும் ஒட்டுதான். அங்க ஊசி, இங்க வெல்டிங். வேற என்ன பெரிய வித்தியாசம்?" என்றார்.

"துணியில தீப்பிடிச்சா காலால மிதிச்சு அணைச்சுடலாம்" என்றேன். கேட்டால்தானே.

அடுத்த தெரு எலக்ட்ரீஷியனை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தன்னிடம் சும்மா கிடந்த வெல்டிங் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து இறக்கினார். நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க அண்ணி, ஷாக்கெல்லாம் அடிக்காது. அடிச்சா இவரு ஏன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் ஷெட்டுக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனிதர் அவசரக்காரர் இல்லை. முதலில் பழைய டின்களிலும் ஒரு செத்துப்போன ஃபிரிட்ஜின் கதவிலும் போட்டுப் பழகினார். பிறகுதான் காரைத் தொட்டார். பேட்டரியைக் கழற்றினார், பெட்ரோல் டேங்க்கைக் கழற்றித் தோட்டத்து மூலைக்குக் கொண்டுபோனார். சீட்டுகளையும் தரைவிரிப்பையும் எடுத்தார். வலது பக்கச் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் தூக்கி நிறுத்தினார். இடது பக்கச் சக்கரங்கள் தரையில் இருந்தன. அவற்றுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருந்தார். கழற்றிய சக்கரம் ஒன்றை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டார். ஸ்டாண்டு கைவிட்டாலும் வண்டி அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்காருமாம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இரண்டு வாய் சாப்பாடு இறங்கியது.

வேலை செய்கிற விதமும் டெய்லர் விதம்தான். துருப்பிடித்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார். அட்டையில் அளவு வெட்டி வைத்துப் பார்ப்பார். தையலுக்கு விடுவதைப் போலச் சுற்றிலும் கொஞ்சம் விட்டுத் தகரத்தை வெட்டுவார். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகரப் பெட்டிக்கு அவர் வைத்த பெயர் பார்டர். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் தகரம் சுருங்கிவிடும் என்று, இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று கைத்தையல் போடுவதைப் போல வைத்துக்கொண்டே போவார். எந்த இடத்தைத் தொடுவதற்கு முன்னும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். நல்ல தகரம் ணங்கென்று சொல்லும், துருப்பிடித்தது தொப்பென்று சொல்லும். நாள் முழுக்க இந்த ணங், தொப் கேட்டு எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

என் வேலை தீக்காவல். கீழே பற்றவைக்கும்போது மேலே காரின் தரையில் ஒட்டியிருக்கும் பழைய கம்பளி, பசை, தார் எது வேண்டுமானாலும் சத்தமில்லாமல் புகைய ஆரம்பிக்கும். அடியில் முகமூடி போட்டுப் படுத்திருப்பவருக்கு அது தெரியாது. அதனால் நான் காருக்குள் இடது பக்க மூலையில் ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஈரத்துணி, ஒரு துணி பிரஷ், வேலை நடுவே குடிக்க ஃப்ளாஸ்க்கில் டீ. பிரஷ்ஷின் மரப்பிடியால் தரையில் ஒரு தட்டு தட்டினால் எல்லாம் சரி, தொடரலாம். இரண்டு தட்டு தட்டினால் புகை, வெளியே வரணும். இரண்டு தட்டு கேட்டதும் அவர் மெஷினை விட்டுவிட்டு, தன் நெஞ்சுக்கு நேர் மேலே இருக்கும் பார்டரை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடுவார். கார் ஒரு ஆட்டம் ஆடி நிற்கும். "மெதுவா வாங்களேன்" என்பேன். "ஏன், ஸ்டாண்டு தாங்கும்" என்பார்.

இந்தக் காவல் வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் உதவியாளர். பயத்தை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை. நாற்காலியில் சாய்ந்திருப்பவரிடம் ஊசி வரப்போகிறது என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். அசையாதீங்க என்றும் சொல்ல மாட்டோம், அப்படிச் சொன்னால்தான் ஆள் துள்ளுவார். நான் ஒரு ரப்பர் பந்தை எடுத்து நீட்டி, "இதைக் கொஞ்சம் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க, எனக்கு வேணும்" என்பேன். கையில் பொருள் இருக்கிறவர் டாக்டரின் கையைத் தட்டிவிட மாட்டார். என் வீட்டுக்காரரையும் ஒரு தடவை அந்த நாற்காலியில் பார்த்திருக்கிறேன். விளக்கைத் திருப்பியதற்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறுகிற ஜாதி. பயம் வந்தால் முதலில் உடம்பு துள்ளும், அதற்குப் பிறகுதான் புத்தி வரும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வேலை ஆரம்பித்தது. பார்டரில் முன்பாதி முடிந்திருந்தது. அன்றைக்கு டிரைவர் சீட் இருந்த இடத்தில் தரைக்கு ஒட்டுப் போட வேண்டும். துருப்பிடித்த பாகத்தை வெட்டி எடுத்ததில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியே பார்த்தால் கீழே அவருடைய முகமூடி தெரியும். பின்பக்க ஸ்டாண்டு நின்ற இடத்தில் அடுத்ததாக வெல்டிங் வரப்போவதால் அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருந்தார். அங்கே அடிப்பாகம் கன்னங்கரேலென்று தார்ப் பூச்சோடு மொழுமொழுவென்று இருந்ததாம். "அங்கதான் துருவே இல்ல, புது வண்டி மாதிரி இருக்கு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அடியில் படுக்கப் போட்டிருந்த சக்கரம் தோளில் இடிக்கிறது என்று அதையும் உருட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டார்.

"அதை ஏன் எடுத்தீங்க?" என்றேன். அன்றைக்கு ஏன் கேட்டவள் நான்.

"அஞ்சே நிமிஷ வேலைம்மா. திரும்பப் போட்டுடுறேன்" என்றார். பழைய மெத்தையில் மல்லாந்து படுத்துத் தலையையும் நெஞ்சையும் காருக்கு அடியில் நுழைத்துக்கொண்டார். கால்கள் மட்டும் வெளியே. முகமூடியை இறக்கிக்கொண்டார். நான் ஒரு தட்டு தட்டினேன்.

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்பதால் அந்த நேரத்தில் நான் பின்பக்கம் திரும்பிக்கொள்வேன். நீல வெளிச்சம் தரையில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியே வந்து கார் கூரையில் புள்ளி புள்ளியாக விழும். சர்ரென்ற சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்துப் புகை தேடுவேன். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு சர், ஒரு பார்வை. இன்னொரு சர், இன்னொரு பார்வை.

அப்போது கருகிய வாடை வந்தது. காருக்கு நடுவே நீளமாக ஓடும் மேட்டின் ஓரத்தில், எடுக்க மறந்துபோன ஒரு துண்டுக் கம்பளியின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. மெல்லிய புகை. நான் பிரஷ்ஷைத் தூக்கினேன். இரண்டு தட்டு தட்ட வேண்டியதுதான் பாக்கி.

எனக்கு வலப்பக்கம் பின்தரையில் கறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

பொரித்த அப்பளத்தை யாரோ அழுத்தின சத்தம். நான் தலையை மட்டும் திருப்பினேன். அங்கே தரையின் வெள்ளைப் பெயின்ட் சின்னத் தட்டு அளவுக்கு வீங்கியிருந்தது. வீக்கத்தைச் சுற்றிப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கறுக். வீக்கம் இன்னும் கொஞ்சம் எழும்பியது. நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு விட்டு, அதன் வழியே பழுப்பு நிறத் தூள் கொட்டியது.

முதலில் எனக்குப் புரியவில்லை. அடியில் எதையோ வைத்துத் தள்ளுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. ஸ்டாண்டு. ஆனால் ஸ்டாண்டு மேலே வரவில்லை. கார்தான் கீழே போய்க்கொண்டிருந்தது. தட்டிப் பார்க்காமல் ஸ்டாண்டை வைத்த அந்த மொழுமொழு இடத்தில் தகரமே இல்லை. வெறும் தாரும் துருவும்தான் இத்தனை நேரம் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தன. அந்த வண்டிக்குக் கீழே என் வீட்டுக்காரருடைய தலை இருந்தது.

பயம் என்ற வார்த்தையை அதற்கு முன்னால் நான் சும்மா சும்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தூக்கிய பிரஷ் அப்படியே நின்றது. நல்லவேளை, தட்டவில்லை. தட்டியிருந்தால் அவர் வழக்கப்படி பார்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்திருப்பார். அந்த ஒரு இழுப்பு போதும். எங்கள் இருவருடைய பாதுகாப்புக்காக நாங்களே போட்டுவைத்த விதி, அந்த நேரத்தில் அவர் கழுத்தில் கயிறாக இருந்தது.

கத்தலாமா? கத்தினால் துள்ளி எழுவார், தலை காரின் தரையில் முட்டும், வண்டி இறங்கும். உண்மையைச் சொல்லலாமா? சொன்னால் "ஏன், எங்க?" என்று ஸ்டாண்டைத் திரும்பிப் பார்ப்பார், கையை நீட்டித் தொட்டும் பார்ப்பார். நான் இறங்கிப் போய் அந்தச் சக்கரத்தை அடியில் தள்ளலாமா? இடது கதவு தோளால் இடித்தால்தான் திறக்கும். இடித்தால் கார் ஆடும். மூன்று யோசனையும் தலைக்குள் வந்து, மூன்றும் அவரைக் கொன்றுவிட்டுப் போயின. கம்பளியில் சிவப்புக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்தது. புகை தொண்டைக்குள் போய் இருமல் முட்டியது. இருமக்கூடப் பயமாக இருந்தது. ஈரத்துணியை எடுத்து, குழந்தைக்குப் போர்த்துகிற மெதுவில் அதன்மேல் போட்டு உள்ளங்கையால் அமுக்கினேன். உஸ்ஸென்று அடங்கியது. உள்ளங்கை சுட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கீழே சர்ரென்ற சத்தம் ஓய்ந்தது. அவர் வழக்கமாக இந்த இடத்தில் என் ஒரு தட்டுக்காகக் காத்திருப்பார். வரவில்லை என்றால் என்ன செய்வார்? வெளியே வருவார். எப்படி வருவார்? பார்டரைப் பிடித்து.

அப்போதுதான் என் காலருகே இருந்த ஃப்ளாஸ்க் கண்ணில் பட்டது. பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர். எனக்கு உடனே கிளினிக் நாற்காலியும் ரப்பர் பந்தும் ஞாபகம் வந்தன.

"ஏங்க" என்றேன். கிளினிக் குரல். அது எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். "முகமூடியைத் தூக்கிட்டு அப்படியே படுத்திருங்க. டீ ஊத்துறேன்."

"புகை வாடை வந்துச்சே?"

"அணைச்சாச்சு. ஒண்ணுமில்ல."

டம்ளரின் விளிம்பு வரைக்கும் ஊற்றினேன். பாதி ஊற்றினால் ஒரு கையில் பிடித்துவிடுவார். பிறகு டின்னைவிட்டு இறங்கி, நடுமேட்டின்மேல் வயிற்றை வைத்துப் படுத்தேன். உடம்பின் கனம் முழுக்க இடது பக்கமே இருக்கும்படி, கையை மட்டும் வலப்பக்கம் நீட்டினேன். ஒவ்வொரு அங்குலத்துக்கும் அந்த வீக்கத்தைப் பார்த்துக்கொண்டேன். கறுக். நின்றேன். மறுபடி நகர்ந்தேன். டம்ளரோடு என் கை அந்த ஓட்டைக்குள் போனது. வெட்டிய தகரத்தின் விளிம்பு மணிக்கட்டைக் கீறியது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஓட்டைக்குக் கீழே அவர் முகம். நெற்றியில் கரியும் வியர்வையும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கும்மா டீ? இன்னும் நாலு புள்ளி வெச்சுட்டு வந்து குடிக்கிறேனே."

"ஆறிடும்."

"ஏன் ஆறும்? திரும்ப ஃப்ளாஸ்க்ல ஊத்திடு."

கடவுளே, இந்த மனிதருடைய மூளை இந்த நேரத்திலும் இப்படித்தான் வேலை செய்ய வேண்டுமா! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஒரு நொடி, தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கத்திவிடலாம்போல் இருந்தது. வீக்கம் மறுபடியும் கறுக்கென்றது. இந்தத் தடவை அது நிற்கவில்லை. மெல்ல நெறிந்துகொண்டே இருந்தது.

"எனக்கு எழுந்துக்க முடியலங்க. கால் மரத்துப்போச்சு" என்றேன். "கையும் வலிக்குது. இதைக் கொஞ்சம் வாங்கிட்டுப்போய் அந்தச் சுவரோர அலமாரி மேல வெச்சுடுங்களேன். எனக்காக."

அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"குடு, குடு" என்று தடித்த தோல் கையுறை போட்ட இரண்டு கைகளையும் உயர்த்தினார். அந்தக் கையுறைகளால் ஒரு எவர்சில்வர் டம்ளரை ஒரு கையில் பிடிக்க முடியாது. இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாக நான் இவரிடம் உத்தரவு போட்டுத்தான் பேசியிருக்கிறேன் என்று அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. உத்தரவு போட்டால்தான் மனிதருக்கு அந்த "ஏன்" வரும்போல. எனக்காக என்று கேட்டதற்கு உடனே கை நீட்டிவிட்டார்.

"அம்மாடி, விளிம்பு வரைக்கும் ஊத்தியிருக்கியே. மூஞ்சில கொட்டினா வெந்துடும்."

"அதான் சொல்றேன். மெதுவா. குதிகாலை ஊனி, காலாலயே இழுத்துக்கிட்டுப் போங்க. கையை எடுக்காதீங்க."

"கையை எங்க எடுக்குறது? ரெண்டும்தான் உன் டீக்குக் காவல் நிக்குதே."

போனார். குதிகால் சிமென்ட்டில் தேய்கிற சத்தம். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். "ஹா, சுடுது" என்று முனகல். முகம் ஓட்டையைவிட்டு மறைந்தது. நான் கையை ஓட்டையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். இனி என் கண்ணுக்கு அவர் இல்லை, வீக்கம் மட்டும்தான் இருந்தது. வெடிப்பு நட்சத்திரமாகப் பிளந்து, நடுவில் ஸ்டாண்டின் இரும்புத் தலை எட்டிப் பார்த்தது. இன்னொரு இழுப்பு. இப்போது கழுத்து பார்டருக்குக் கீழே இருக்க வேண்டும். போங்க, போங்க, போங்க என்று வாயைத் திறக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டிக்கென்று ஒரு சத்தம். நெற்றிமேல் தூக்கிவைத்திருந்த முகமூடி பார்டரில் இடித்துவிட்டது. கார் நடுங்கியது. இரும்புத் தலை ஒரு விரல்கடை மேலே ஏறியது.

"இடிச்சுக்கிட்டேன். ஆனா சிந்தல" என்று கீழிருந்து குரல்.

"தலையைச் சாய்ச்சுப் போங்க."

இன்னொரு இழுப்பு. அப்புறம் சட்டை தேய்கிற சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், முழங்கால் சொடுக்குகிற சத்தம். எழுந்து நிற்கிறார். வலது பக்கக் கண்ணாடி வழியே அவருடைய இடுப்பு தெரிந்தது. அவர் முழங்கையைக் கார் கூரையில் ஊனப்போனார்.

"அலமாரியில வைங்க!" என்றேன்.

"வெக்கிறேம்மா, ஏன் கத்துற?" என்று சுவர்ப்பக்கம் நடந்தார். அலமாரிக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி நின்று, இரண்டு கைகளிலும் டம்ளரை ஏந்தியபடி முகமெல்லாம் சிரிப்பாகக் காட்டினார். "பாத்தியா? ஒரு சொட்டு சிந்தல. இப்பவாவது சொல்லு, ஏன் இவ்வளவு..."

கார் விழுந்தது.

எனக்கு அது சத்தமாகக் கேட்கவில்லை. தரை என் முகவாயில் வந்து மோதியது, அவ்வளவுதான். முன்பக்க ஸ்டாண்டு சாய்ந்து சிமென்ட்டில் உருண்டது. வாளி கவிழ்ந்து தண்ணீர் முழுக்க வலப்பக்கம் ஓடியது. நான் பார்த்துக்கொண்டே இருந்த அந்த வீக்கத்தில் ஸ்டாண்டின் தலை தரையைப் பிய்த்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு நின்றது. துருத்தூள் மேலே எழும்பி மெதுவாக இறங்கியது.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல் ஏறுகிற மனிதர், அலமாரிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். துள்ளவில்லை. கத்தவில்லை. அவருடைய கண் காருக்குக் கீழே இருந்தது. அவர் புதுசாக ஒட்டுப்போட்டிருந்த பார்டர், பழைய மெத்தையின் நடுவில், அவர் நெஞ்சு இருந்த பள்ளத்தில், பஞ்சைப் பிதுக்கிக்கொண்டு தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது. இரண்டு கைகளிலும் டம்ளர் இருந்தது. டீ விளிம்புவரை இருந்தது.

பிறகு அவர் காரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தார். டம்ளரை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் கதவை இழுத்துத் திறந்தார். குனிந்து என்னைப் பார்த்தார். என் மணிக்கட்டில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார். அந்த ஓட்டையையும் முளைத்து நின்ற இரும்பையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்று டம்ளரை என்னிடம் நீட்டினார். "என்னால முடியல."

நான் எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். டம்ளர் கைவிட்டுப் போனதும் அவர் கைகள் ஆட ஆரம்பித்தன. கையுறையைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியை என் முழங்காலில் வைத்தார்.

காருக்கு அடியில் அவ்வளவு தூரம் ஒரு சொட்டு சிந்தாமல் போன டீ, என் கைக்கு வந்ததும் தளும்பத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. அவர் தலையிலும் என் மடியிலும் முழுக்கக் கொட்டித் தீர்ந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. அவர் தலையை எடுக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.